மோட்டார் ஷெட்டில் கூடிய சங்கம்

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மாள் என்னைப் பார்க்க வந்தார். கையில் என் நாவல் ஒன்று இருந்தது. நாவல் என்று சொல்வதைவிட நாவலின் எலும்புக்கூடு என்று சொல்லலாம். பழைய அட்டை போய், காலண்டர் தாளில் புது அட்டை போட்டிருந்தது. ஓரங்கள் மடங்கி, நடுநடுவே சாம்பார்க் கறை படிந்து, பார்க்கவே பரிதாபமாயிருந்தது. "ஸார், இதில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். எங்கள் தெருவில் பதினோரு வீடு சுற்றி வந்த புஸ்தகம் இது" என்றார். முதல் பக்கத்தைத் திருப்பினேன். வாங்கிப் படித்தவர்களின் பெயர்கள் பென்சிலால் வரிசையாக எழுதியிருந்தன.

கையெழுத்துப் போட்டேன். மனம் குளிர்ந்தது உண்மை. அதே மனத்தின் ஒரு மூலையில் கணக்குப்பிள்ளை ஒருவன் உட்கார்ந்துகொண்டு, "பதினோரு வீடு, ஒரே பிரதி, பத்துப் பிரதியின் ராயல்டி போயிற்று!" என்று முணுமுணுத்ததும் உண்மை. அந்த அம்மாள் போன பிறகு வெகு நேரம் யோசித்தேன். அப்போதுதான் கலிபோர்னியாவில் நடந்த ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது. அதிலும் இதே தகராறுதான். அங்கே கைமாறியது நாவல் அல்ல, காகித நாடா. அங்கே கணக்குப்பிள்ளையின் குரலில் பேசியவர் 20 வயது இளைஞர். அவர் பெயர் பில் கேட்ஸ்.

இன்று நம் குழந்தைகள் கையில் வைத்து விளையாடுகிற கம்ப்யூட்டர், ஒரு காலத்தில் சாதாரண மனிதன் தொட்டுப் பார்க்க முடியாத வஸ்துவாக இருந்தது. பெரிய கம்பெனிகளும் சர்க்கார் இலாகாக்களும் சர்வகலாசாலைகளும் அதைக் குளிர்ந்த அறைகளில் வைத்துப் பூஜை செய்தன. பக்தர்கள் வெளியே நின்று சீட்டை நீட்டலாம். பூசாரி உள்ளே கொண்டு போய்ப் பிரசாதம் வாங்கி வருவார். கர்ப்பக்கிருகத்துக்குள் நுழைய நமக்கு அதிகாரம் கிடையாது.

1975 ஜனவரியில் இந்தக் கோயிலின் பக்கச்சுவரில் ஓர் ஓட்டை விழுந்தது. 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' என்ற அமெரிக்கப் பத்திரிகை, தன் அட்டையில் ஒரு சிறு பெட்டியின் படத்தைப் போட்டது. அதற்கு ஆல்டேர் 8800 என்று பெயர். நியூ மெக்ஸிகோ மாகாணத்து ஆல்புகர்க்கி நகரில், எட் ராபர்ட்ஸ் என்பவர் நடத்தி வந்த 'மிட்ஸ்' என்னும் சின்னக் கம்பெனியின் தயாரிப்பு. 397 டாலர் அனுப்பினால் தபாலில் ஒரு மூட்டை வரும். அதிலுள்ள உறுப்புக்களை வாங்கியவரே ஈயம் உருக்கிப் பற்றவைத்துக் கோக்க வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால் முன் பலகையில் சிவப்பு விளக்குகள் மினுக் மினுக்கென்று எரியும். விசைப்பலகை கிடையாது. திரை கிடையாது. ஸ்விச்சுகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தள்ளித்தான் அதனிடம் பேசவேண்டும். அதன் ஞாபக சக்தியோ 256 எழுத்துக்கள். இந்தக் கட்டுரையின் முதல் பத்தியைக்கூட அதில் அடைக்க முடியாது. மின்சாரம் போனால் அதுவும் மறந்துவிடும்.

இப்படிப்பட்ட யந்திரத்தை யார் வாங்குவார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? ஆயிரக்கணக்கானவர்கள் வாங்கினார்கள். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் என்ற எண்ணமே அவர்களுக்குப் போதையாக இருந்தது.

ஸான்பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே மென்லோ பார்க் என்ற ஊர் இருக்கிறது. ஸ்டான்போர்டு சர்வகலாசாலைக்குப் பக்கத்து ஊர். அங்கே இப்படிப் போதை ஏறியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று இரண்டு மனிதர்களுக்குத் தோன்றியது. ஒருவர் கார்டன் ஃபிரெஞ்ச் என்ற இன்ஜினீயர். இன்னொருவர் ஃப்ரெட் மூர். இருவரும் சேர்ந்து ஒரு நோட்டீஸ் தயாரித்தார்கள். சொந்தமாகக் கம்ப்யூட்டரோ அதைப் போன்ற வேறு எதையோ கட்டிக்கொண்டிருப்பவர்கள் வரலாம், ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இடம், ஃபிரெஞ்ச் வீட்டு மோட்டார் ஷெட். நாள், 1975 மார்ச் 5, புதன்கிழமை.

அன்றைக்கு மழை. இருந்தும் 32 பேர் வந்து சேர்ந்தார்கள். மோட்டார் ஷெட்டின் சிமெண்டுத் தரையில் கூட்டம் நடந்தது. நடுநாயகமாக ஓர் ஆல்டேர் பெட்டி. ஸ்டீவ் டாம்பியர் என்பவர் ஆல்புகர்க்கிக்கே நேரில் போய் வந்திருந்தார். கம்பெனியில் 4,000 ஆர்டர்கள் குவிந்து கிடக்கின்றன என்று அவர் சொன்னதும், தனித் தனிப் பைத்தியங்களாக வந்தவர்கள் தாங்கள் ஒரு பெரும் படை என்பதைத் தெரிந்துகொண்டார்கள். யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். மூர் எல்லோருடைய பெயரையும் விலாசத்தையும் விருப்பத்தையும் குறித்துக்கொண்டு, பத்து நாளில் ஒரு சிறு பத்திரிகையாக அச்சிட்டு அனுப்பினார்.

சங்கத்துக்கு 'ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்' என்று பெயர் வைத்தார்கள். வீட்டிலேயே காய்ச்சிக் குடிக்கும் பீருக்கு 'ஹோம்ப்ரூ' என்று பெயர். கடைச் சரக்கு அல்ல, வீட்டுக் கைப்பக்குவம் என்று அர்த்தம். நம் ஊராயிருந்தால் 'ஊறுகாய்ச் சங்கம்' என்று வைத்திருப்போம்.

இந்த ஃப்ரெட் மூரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர் இன்ஜினீயர் அல்ல, வியாபாரியும் அல்ல. சத்தியாக்கிரகி என்று நாம் சொன்னால் பொருந்தும். 1959-ல் பெர்க்லியில் கல்லூரியில் சேர்ந்தபோது, மாணவர்களுக்கு ராணுவப் பயிற்சி கட்டாயம் என்றிருந்தது. தகப்பனாரோ விமானப் படை அதிகாரி. பையன் என்ன செய்தான் தெரியுமா? கல்லூரி வாசற்படியில் உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தான். அக்காலத்தில் அமெரிக்க மாணவர்கள் இப்படிச் செய்வது கேள்விப்படாத விஷயம். 1962-ல் அந்தக் கட்டாயப் பயிற்சி நீக்கப்பட்டது. பிறகு ராணுவ சேவைக்கு மறுத்துச் சிறைக்கும் போய் வந்தார்.

பணத்தின்மேல் அவருக்கு இருந்த அவநம்பிக்கைக்கு ஒரு கதை உண்டு. 1971 ஜூனில் 'ஹோல் எர்த் காட்டலாக்' என்ற பிரசித்தமான பிரசுரத்தை மூடுவதற்கு, அதன் ஆசிரியர் ஸ்டூவர்ட் பிராண்ட் ஸான்பிரான்சிஸ்கோவில் ஒரு விருந்து வைத்தார். நடுவில் 20,000 டாலரை எடுத்து நீட்டி, "நல்ல காரியம் ஒன்றுக்கு இதைக் கொடுக்கிறேன், எதற்கென்று நீங்களே முடிவு செய்யுங்கள்" என்ற விதமாக அறிவித்துவிட்டார். இரவு முழுவதும் வாக்குவாதம். கையிலிருந்து கைக்குப் போன நோட்டுக்களில் ஒரு பகுதி மாயமாய் மறைந்தது. பணத்தை நம்ப வேண்டாம், மனிதர்களை நம்பலாம், நாம் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டால் போதும் என்று மூர் மன்றாடினார். பொழுது விடியும் நேரத்தில், மிஞ்சியிருந்த சுமார் 15,000 டாலரை அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். பணம் வேண்டாம் என்றவனைத் தேடிக்கொண்டு பணம் போயிற்று. லட்சுமி கடாட்சம் என்பது இப்படியும் வருவதுண்டு.

மூருக்குக் கம்ப்யூட்டர்மேல் ஆசை வந்ததற்குக் காரணமே இதுதான். ஒரு விஷயம் தெரிந்தவர்களையும் அது தேவைப்படுகிறவர்களையும் சேர்த்து வைக்க, சீட்டுச் சீட்டாகப் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு யந்திரம் உதவும் என்று நினைத்தார். மற்றவர்கள் கம்ப்யூட்டரில் கணக்கைக் கண்டார்கள். அவர் அதில் ஜாபிதாவைக் கண்டார்.

மோட்டார் ஷெட் வெகு சீக்கிரம் போதாமல் போயிற்று. சங்கம் இடம் மாறி மாறி, கடைசியில் ஸ்டான்போர்டைச் சேர்ந்த அணு ஆராய்ச்சி நிலையத்தின் பெரிய ஹாலுக்கு வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நூற்றுக்கணக்கில் ஜனங்கள் கூடினார்கள். லீ ஃபெல்ஸன்ஸ்டீன் என்ற இன்ஜினீயர் கையில் நீண்ட குச்சி ஒன்றை வைத்துக்கொண்டு சபையை நடத்தினார். முதலில் அவரவர் எழுந்து, தம்மிடம் இருப்பதையும் தமக்கு வேண்டியதையும் ஊரில் கேட்ட வதந்தியையும் சொல்லவேண்டும். பிறகு எல்லோரும் இடத்தை விட்டு எழுந்து, தேவையானவரைத் தேடிப் பிடித்துப் பேசவேண்டும். கூட்டம் முடிந்த பிறகு ஒரு கோஷ்டி ஓட்டலுக்குப் போய் நடு இரவு வரையில் வாதம் பண்ணும். மதுரைச் சங்கத்துக்கு ஒரு பலகை இருந்ததாமே, இந்தச் சங்கத்திலும் பலகைகள் உண்டு. கம்பியும் ஈயமும் பற்றவைத்த பலகைகள். புதுப் பலகையைக் கொண்டு வந்தவர் அதைச் சபையில் காட்டுவார். சபை தலையசைத்தால் அரங்கேற்றம் ஆயிற்று என்று பொருள்.

இப்படி நடந்த அரங்கேற்றங்களில் ஒன்று 1975 ஏப்ரலில் நடந்தது. டாம்பியர் தம் ஆல்டேரைக் கொண்டு வந்து, அதன் பக்கத்தில் ஒரு சாதாரண ரேடியோவை வைத்தார். கம்ப்யூட்டருக்குக் காதும் கிடையாது, வாயும் கிடையாது. ஆனால் அது வேலை செய்யும்போது பக்கத்து ரேடியோவில் 'கொர்' என்று இரைச்சல் கேட்கும். வேலையை மாற்றினால் இரைச்சலின் சுருதியும் மாறுகிறது என்பதை டாம்பியர் கண்டுபிடித்திருந்தார். ஸ்விச்சுகளைத் தட்டித் தட்டி ஒரு செய்நிரலை ஏற்றிவிட்டு நிமிர்ந்தார். ரேடியோவிலிருந்து பீட்டில்ஸ் கோஷ்டியின் பாட்டு ஒன்று கிளம்பிற்று! பிறகு 'டெய்ஸி' என்ற பழைய பாட்டு. அது 1961-ல் பெல் ஆராய்ச்சிசாலையில் ஒரு ராட்சசக் கம்ப்யூட்டர் பாடிய பாட்டு. பெரிய கோயிலின் பாட்டைத் தெருப் பிள்ளையார் பாடிவிட்டார். சபை எழுந்து நின்று கை தட்டியது. டாம்பியர் தாம் செய்த வித்தையை ஒளிக்கவில்லை. எப்படிச் செய்வது என்பதைப் பத்திரிகையில் எழுதி எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார். சங்கத்தின் தர்மமே அதுதான்.

இந்தத் தர்மத்துக்குச் சோதனை அதே வருஷம் ஜூன் மாதம் வந்தது.

ஆல்டேருக்கு ஸ்விச்சு பாஷை தவிர வேறு பாஷை தெரியாது என்று சொன்னேன் அல்லவா? அதற்கு மனிதர்களுக்குப் புரிகிற 'பேஸிக்' என்ற பாஷையைக் கற்றுக் கொடுத்தவர்கள் இரண்டு வாலிபர்கள். பில் கேட்ஸ் ஒருவர். பால் ஆலன் மற்றவர். மகா சாமர்த்தியமான வேலை. அந்தப் பாஷையைக் காகித நாடாவில் துளைகளாகப் பதித்து மிட்ஸ் கம்பெனி விற்றது. கம்பெனியின் மற்றச் சரக்குகளோடு சேர்த்து வாங்கினால் 150 டாலர். தனியாக வாங்கினால் 500 டாலர். யந்திரத்தின் விலையே 397 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சேர்த்து வாங்க வேண்டிய ஞாபகப் பலகைகளோ, அநேகமாக வேலை செய்வதில்லை. பாப் மார்ஷ் என்ற சங்கத்து அங்கத்தினர் வேலை செய்கிற பலகைகளைத் தயாரித்துத் தனிக் கம்பெனியே ஆரம்பித்துவிட்டார். ஆக, பாஷை வேண்டுமானால் வேலை செய்யாத பலகையை வாங்கு, இல்லாவிட்டால் 500 டாலர் கொடு என்ற நிலைமை. பணம் அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்களும் உண்டு.

அந்த ஜூனில் பாலோ ஆல்டோ நகரத்து ஓட்டல் ஒன்றில் மிட்ஸ் கம்பெனி ஆல்டேரை வைத்துக் காட்சி நடத்தியது. சங்கத்தார் போய்ப் பார்த்தார்கள். யந்திரம் பேஸிக் பேசிக்கொண்டிருந்தது. அங்கே கிடந்த ஒரு நாடாச் சுருளை யாரோ ஒருவர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அது டான் ஸோகல் என்பவர் கைக்குப் போயிற்று. அவரிடம் நாடாவைப் பிரதி செய்யும் வேகமான யந்திரம் இருந்தது. அடுத்த கூட்டத்துக்கு ஒரு பெட்டி நிறையப் பிரதிகளோடு வந்தார். இனாம்தான், ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு நாடா எடுத்துக்கொண்டு போகிறவர், அடுத்த கூட்டத்துக்கு இரண்டு பிரதியாகத் திருப்பிக் கொண்டு வரவேண்டும். அட்சய பாத்திரம் என்பது இதுதான்! சில மாதங்களில் ஆல்டேர் இருந்த இடமெல்லாம் பேஸிக் இருந்தது. ராயல்டி மட்டும் கேட்ஸைப் போய்ச் சேரவில்லை.

1976 பிப்ரவரி 3-ந் தேதியிட்டு, பொழுதுபோக்குக்காகக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார் கேட்ஸ். சங்கத்தின் பத்திரிகையிலும் அது வெளியாயிற்று. ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவர்கூடப் பேஸிக்கைக் காசு கொடுத்து வாங்கவில்லை, வந்த ராயல்டியைச் செலவழித்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 2 டாலருக்கும் குறைவு, இது திருட்டு, கூலி இல்லையென்றால் நல்ல வேலையை யார் செய்வார்கள்? இதுதான் கடிதத்தின் சாரம். அந்த வருஷம் அமெரிக்காவில் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 2.30 டாலர். ஹோட்டலில் எச்சில் பாத்திரம் கழுவினால்கூட அதைவிட அதிகம் கிடைத்திருக்கும்.

சங்கத்தார் கொதித்தார்கள். திருடர்கள் என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் எழுத்தைத் தொழிலாகக் கொண்ட நான் அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது கோபப்பட முடியவில்லை. என் கணக்குப்பிள்ளை "பேஷ்! பேஷ்!" என்றான்.

இதற்கு நல்ல பதில் சொன்னவர்கள் வசைக் கடிதம் எழுதியவர்கள் அல்ல. சிலர் பேனாவை வைத்துவிட்டு வேலையில் இறங்கினார்கள். ஸ்டான்போர்டில் இருந்த டென்னிஸ் ஆலிசன் என்பவர் 'டைனி பேஸிக்' என்று ஒரு சிறிய பாஷைக்கு, கடிதம் வருவதற்கு முன்பே வரைபடம் போட்டிருந்தார். யார் வேண்டுமானாலும் அதைக் கட்டிக்கொள்ளலாம். பல பேர் கட்டினார்கள். டாம் பிட்மன் என்பவரும் ஒன்று எழுதி, 5 டாலர் என்று விலை வைத்தார். நியாயமான விலை என்றால் ஜனங்கள் கொடுப்பார்கள் என்பது அவருடைய கட்சி. நண்பரிடமிருந்து ஏற்கனவே பிரதி எடுத்துக்கொண்டவர்கள்கூட அவருக்குப் பணம் அனுப்பி வைத்தார்களாம். இதைப் படித்தபோது என் கணக்குப்பிள்ளை சிறிது நேரம் பேசாமல் இருந்தான்.

சங்கத்தின் கடைசி வரிசையில், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த இளைஞர் ஒருவர் உண்டு. ஹ்யூலெட் பாக்கர்ட் கம்பெனியில் வேலை பார்த்த ஸ்டீவ் வாஸ்னியாக். மழை பெய்த அந்த முதல் கூட்டத்துக்கே வந்தவர். டெலிவிஷன் சம்பந்தமான கூட்டம் என்று நினைத்து வந்தாராம். வந்த பிறகு பேச்சு ஒன்றும் புரியாமல் திகைத்து, யாரோ கொடுத்த சில்லு ஒன்றின் விவரத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்றிரவு அதைப் படித்தபோது, தாம் பல வருஷங்களாக மனத்துக்குள் கட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் இதயம் இப்போது கடையில் கிடைக்கிறது என்பது தெரிந்துவிட்டது. 25 டாலருக்கு ஒரு மலிவான சில்லு வந்ததும், அதை வைத்து ஒரு யந்திரத்தைக் கட்டினார். அதில் விசைப்பலகையையும் டெலிவிஷன் பெட்டியையும் மாட்டலாம். எதற்காகக் கட்டினார்? சங்கத்தில் காட்டத்தான். அதன் வரைபடத்தைப் பிரதி எடுத்துக் கூட்டத்தில் இனாமாக விநியோகித்தார். மற்றவர்கள் கட்டிக்கொள்ள உதவியும் செய்தார்.

அவருடைய சிநேகிதர் ஸ்டீவ் ஜாப்ஸ் இதைப் பார்த்தார். வரைபடத்தை வாங்கிக்கொண்டு போகிறவர்களில் பலருக்குக் கட்டப் பொறுமையில்லை என்பதைக் கண்டுகொண்டார். நாமே பலகையைத் தயாரித்து விற்கலாமே என்றார். விற்குமா என்று வாஸ்னியாக் சந்தேகப்பட்டபோது, நஷ்டம் வந்தாலும் நமக்கென்று ஒரு கம்பெனி இருந்தது என்றாவது இருக்குமே என்று சொன்னாராம். ஒருவர் தம் வானை விற்றார். மற்றவர் தம் கால்குலேட்டரை விற்றார். 1976 ஏப்ரல் 1-ந் தேதி ஆப்பிள் கம்பெனி பிறந்தது. முட்டாள்கள் தினம்! மௌண்டன் வியூ என்ற ஊரில் கம்ப்யூட்டர் கடை திறந்திருந்த பால் டெரல், சங்கத்தில் இந்த யந்திரத்தைப் பார்த்திருந்தார். வெறுங்காலுடன் தம் கடைக்கு வந்த ஜாப்ஸிடம், முழுக்கக் கட்டிய யந்திரங்களாக 50 வேண்டும், ஒன்றுக்கு 500 டாலர் தருகிறேன் என்றார். உறுப்புக்களை 30 நாள் கடனில் வாங்கி, ஜாப்ஸின் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்து கோத்துக் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம், 1977 ஏப்ரலில், சங்கத்தோடு தொடர்புடைய ஜிம் வாரன் என்பவர் ஸான்பிரான்சிஸ்கோவில் ஒரு கம்ப்யூட்டர் திருவிழா நடத்தினார். இரண்டு நாளில் ஏறக்குறைய 13,000 பேர் வந்தார்கள். ஆப்பிள் கம்பெனியின் இரண்டாவது யந்திரம் அங்கேதான் உலகத்துக்கு முகம் காட்டியது. 32 பேர் கூடிய மோட்டார் ஷெட்டுக்கும் இந்தத் திருவிழாவுக்கும் இடையில் இரண்டே வருஷங்கள்தான். அந்தச் சங்கத்திலிருந்து கிளம்பிய கம்பெனிகள் இருபதுக்கும் மேல். கம்பெனி வைத்தவர்கள் தங்கள் ரகசியங்களைச் சபையில் சொல்ல முடியாமல் தயங்கினார்கள். நேற்று வரையில் "இதோ பார், இப்படித்தான் செய்தேன்" என்றவர், இன்று "அதை இப்போது சொல்வதற்கில்லை" என்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா? அவரை நம்பிச் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்களே!

இனிமேல் இந்தக் கதை கொஞ்சம் நம் ஊர்ப் பக்கம் திரும்புகிறது. கூட்டங்களில் ஹாலின் பின்புறத்தில், அட்டைப் பெட்டி நிறையப் புத்தகங்களோடு ஒருவர் நின்றுகொண்டிருப்பார். உயரமானவர், சுத்தமான இங்கிலீஷ்கார உச்சரிப்பு. மைக்ரோ கம்ப்யூட்டர்களைப் பற்றித் தாமே எழுதித் தாமே அச்சிட்ட புத்தகத்தை விற்றுக்கொண்டிருந்தார். இங்கிலீஷ்காரர் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நாம் யாராவது அங்கே போய்த் தமிழில் பேசியிருந்தால், அவர் தமிழிலேயே பதில் சொல்லியிருப்பார்!

அவர் பெயர் ஆடம் ஆஸ்பார்ன். 1939-ல் பாங்காக்கில் பிறந்தவர். தகப்பனார் ஆர்தர் ஆஸ்பார்ன், ரமண மகரிஷியின் பக்தர். பிற்காலத்தில் ரமணாசிரமத்தின் 'மௌண்டன் பாத்' பத்திரிகையின் முதல் ஆசிரியர். யுத்தத்தின்போது அவர் பாங்காக்கில் ஜப்பானியரின் காவலில் அகப்பட்டுக்கொள்ள, மனைவி லூசியா குழந்தைகளோடு திருவண்ணாமலையில் இருந்தார். அருணாசலத்தின் அடிவாரத்தில், மகரிஷியின் கண்பார்வையில், தமிழ் பேசி வளர்ந்த பிள்ளை ஆடம். 1945-ல்தான் தகப்பனார் திரும்பி வந்தார். ஆடம் பிறகு இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய், ரசாயன இன்ஜினீயரிங் படித்து டாக்டர் பட்டம் வாங்கினார்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். விமானப் படை அதிகாரியின் மகன், பணத்தைத் தொட மறுத்துச் சங்கத்தை ஆரம்பித்தான். கோவணாண்டியான ஒரு மகானின் காலடியில் வளர்ந்த பையன், அந்தச் சங்கத்திலேயே கடை விரித்தான். கடை என்றால் சாதாரணக் கடை அல்ல. புத்தகங்கள் லட்சக்கணக்கில் விற்றன. 1979-ல் பெரிய பிரசுர கம்பெனியான மக்ரா-ஹில்லுக்குத் தம் பிரசுரத்தை விற்றார். பிறகு, சபையை நடத்திய அதே ஃபெல்ஸன்ஸ்டீனைக் கூட்டிக்கொண்டு, கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டர் ஒன்றைத் தயாரித்தார். 1981 ஏப்ரலில் 'ஆஸ்பார்ன் 1' வெளிவந்தது. எடை சுமார் 11 கிலோ. தையல் மெஷின் பெட்டியைப் போலிருக்கும். திரை 5 அங்குலம். விலை 1,795 டாலர். வேண்டிய செய்நிரல்களையெல்லாம் அந்த விலையிலேயே சேர்த்துக் கொடுத்துவிட்டார். யந்திரத்துக்கு ஒரு விலை, பாஷைக்கு வேறு விலை என்ற பழைய வழக்கு அங்கே ஒருவிதமாகத் தீர்ந்தது. அந்த செப்டம்பரில் ஒரே மாதத்தில் பத்து லட்சம் டாலர் வியாபாரம்.

இரண்டே வருஷம். 1983 செப்டம்பரில் கம்பெனி திவாலாயிற்று. இதைவிடச் சிறந்த யந்திரம் வரப்போகிறது என்று ஆஸ்பார்ன் முன்கூட்டியே சொல்லிவிட்டதால், இருக்கிற யந்திரத்தை யாரும் வாங்காமல் நிறுத்திவிட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அமெரிக்க வியாபாரிகள் இதற்கு 'ஆஸ்பார்ன் விளைவு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காரணம் வேறு என்று வாதிப்பவர்களும் உண்டு. 1984-ல் மறுபடியும் எழுந்து, மலிவுப் பதிப்புப் புத்தகம் போல மலிவு விலையில் செய்நிரல்களை விற்க ஒரு கம்பெனி ஆரம்பித்தார். லோட்டஸ் என்ற பெரிய கம்பெனி, நம் செய்நிரலைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டார்கள் என்று 1987-ல் வழக்குத் தொடர்ந்தது. 1990-ல் தீர்ப்பு லோட்டஸ் பக்கம் போயிற்று. மோட்டார் ஷெட்டில் ஆரம்பித்த கேள்வி, எது பகிர்வு, எது திருட்டு என்ற கேள்வி, கடைசியில் கோர்ட்டுப் படியேறி அவரைப் பிடித்துக்கொண்டது.

உடல் நலம் கெட்டு 1992-ல் ஆஸ்பார்ன் இந்தியாவுக்கே திரும்பி வந்தார். கொடைக்கானலில் சகோதரியோடு வசித்தார். 2003 மார்ச் 18-ல் அங்கேயே காலமானார். சிறு பிராயத்தில் பள்ளிக்கூடம் படித்த மலை அது.

ஃப்ரெட் மூர் சங்கத்தில் வெகு காலம் நீடிக்கவில்லை. அது போகிற வழி அவருக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் யுத்த எதிர்ப்பு வேலைக்கே போனார். 1980-ஐ ஒட்டி வாலிபர்களை ராணுவத்துக்குப் பதிவு செய்யும் சட்டத்தை எதிர்த்துப் போராடினார். 1997-ல் ஒரு மோட்டார் விபத்தில் இறந்து போனார். சங்கமும் 1986 டிசம்பரோடு முடிந்துவிட்டது.

இந்தக் கதையில் யார் கட்சி நியாயம் என்று நீங்கள் கேட்கக்கூடும். நான் பல நாள் யோசித்துப் பார்த்தேன். வாஸ்னியாக் வரைபடத்தை இனாமாகக் கொடுத்ததோடு நின்றிருந்தால், அந்த யந்திரம் அந்த ஹாலை விட்டு வெளியே வந்து நம் வீடுகளுக்கு வந்திராது. ஜாப்ஸ் போன்ற ஒரு வியாபாரி வேண்டித்தான் இருந்தது. கூலி கேட்ட கேட்ஸும் நியாயத்தைத்தான் கேட்டார். ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறது. முதல் கூட்டத்தில் யாரோ ஒருவர் அந்த விவரத் தாளை வாஸ்னியாக் கையில் சும்மா கொடுத்தார். அதற்கு முன்னால் யாரோ ஒருவர் நோட்டீஸ் தயாரித்து, தம் வீட்டு ஷெட்டைக் கூட்டத்துக்குத் திறந்துவிட்டார். விற்பவர்கள் பின்னால் வந்தார்கள்; கொடுத்தவர்கள் முன்னால் வந்தார்கள். பின்னால் வந்தவர்களின் பெயர் உலகம் பூராவும் தெரியும். முன்னால் வந்தவர்களின் பெயர் பழைய பத்திரிகை ஒன்றில், விலாசத்தோடு, ஒரு ஜாபிதாவாக இருக்கிறது.

இதை எழுதும்போது அந்த அம்மாள் கொண்டு வந்த புத்தகத்தை நினைத்துக்கொள்கிறேன். அட்டையில் என் பெயர் இருந்தது. அதுவும் கிழிந்து போயிற்று. உள்ளே பென்சிலால் பதினோரு பெயர்கள். முதல் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டேன். "எங்கள் தெருக்கோடி வீட்டு மாமி. புஸ்தகத்தை வாங்கினது அவர்தான். படித்து முடித்த அன்றைக்கே அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டார்" என்றார் அந்த அம்மாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த மாமியின் பெயரைக் கேட்டு எழுதி, அதற்குக் கீழேதான் என் பெயரைப் போட்டேன். கணக்குப்பிள்ளை என்னவோ சொல்ல வாயெடுத்தான். நான் பேனாவை மூடிவிட்டேன்.